மாப்பிள்ளையின் பெயரில் ஒரு வீடு

கல்முனையில் சட்டத்தரணி சேரின் கந்தோரில் வீடு, காணி உறுதிப் பத்திரங்களை இதுவரை நான்தான் எழுதிவந்தேன். இப்போது புதிதாக வந்த றுஸ்னா ஏஐயில் எழுதுகிறாள். சேர் அவளையே கூப்பிடுகிறார்.

இன்று சாய்ந்தமருதைச் சேர்ந்த வாப்பா ஒருவர் மகளுக்குக் கொடுக்கும் சீதன வீட்டின் உறுதியை அவள் அச்செடுத்தாள். ஏஐ வீட்டை மாப்பிள்ளைக்கு எழுதியிருந்தது. எங்கள் ஊரில் வீடு பெண்ணின் பெயரில்தான் இருக்கும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார்.

சொல்லாவிட்டால் றுஸ்னா ஏச்சு வாங்குவாள். அதைப் பார்க்க ஆசையாக இருந்தது. ஆனால் சேர் கவனிக்காமல் ஒப்பமிட்டால் அந்தப் பெண்ணுக்கு வீடு இல்லை.

"வீடு மாப்பிள்ளைக்கா போகுது?" என்றேன்.

"அல்லாஹ், நான் பாக்கல்லகா."

சிரித்துக்கொண்டே ஊர் வழக்கத்தை ஏஐக்குச் சொன்னாள். நொடியில் திருத்தியது.

சேர் வாசித்தார்.

"நல்லா வந்திரிக்கு, றுஸ்னா."

பிறகு என்னைப் பார்த்தார்.

"ஹஸ்மியா, முத்திரைய எடுங்க."