ஐந்தாம் துண்டு

1968ஆம் வருடம் ஜூலை மாதம் லெப்பசாரித் தீவில் சூரியன் பதினோரு நாள் அஸ்தமிக்கவில்லை. ஏரியின் எதிர்க்கரையில் வழக்கம்போல இரவு பத்து மணியளவில் இருட்டியது, காலையில் விடிந்தது, தபால் படகு வந்து போனது. தீவுக்கு மட்டும் அது பைன் மரங்களின் உச்சிக்கு ஒரு சாண் மேலே அப்படியே நின்றது. காரணம் ஊருக்கே தெரியும். தீவில் ஹக்கரைனன் குடும்பம் படித்துக்கொண்டிருந்த துப்பறியும் நாவலின் கடைசித் துண்டைக் காணவில்லை. கொலைகாரன் யாரென்று தெரியாமல் சூரியனால் போக முடியவில்லை.

உர்போ ஹக்கரைனன் ரயில் நிலைய அதிகாரி. ஒவ்வொரு கோடைக்கும் மனைவி ஹெல்வி, மகள்கள் இர்மேலி, பிர்க்கோ, ஹெல்வியின் தம்பி என்சியோ ஆகியோருடன் தீவுக் குடிலுக்கு வரும்போது தடியாக ஒரு நாவல் வாங்கி வருவார். ஒன்றே ஒன்றுதான். 1951இல் என்சியோ கழிப்பறையில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைத் திருட்டுத்தனமாகப் படித்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் "டாக்டர்தான்" என்று சொல்லித் தொலைத்தார். மூன்று வாரம் அவரோடு யாரும் பேசவில்லை. அதற்குப் பிறகுதான் கத்தி வந்தது. தீவில் இறங்கிய அன்றே உர்போ மீன் சீவும் கத்தியால் நாவலை முதுகோடு சேர்த்துத் துண்டு போட்டுவிடுவார். வாக்கியம் முடிந்ததா, அத்தியாயம் முடிந்ததா என்றெல்லாம் பார்க்கமாட்டார். துண்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி வாளியில் போட்டால், ஆளுக்கொரு பொட்டலம் எடுத்து ஒளித்து வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனையாவது துண்டு என்பது எடுத்தவருக்கு மட்டுமே தெரியும். முறை வரும் சாயங்காலம், சவுனா என்னும் நீராவிக் குளியலறையில் வியர்த்து ஏரியில் விழுந்து எழுந்த பிறகு, படகுத்துறையில் எல்லோர் முன்னாலும் உரக்கப் படிக்க வேண்டும். வாளியில் வெற்றுப் பொட்டலம் ஒன்றும் உண்டு. அது யாருக்கு வருகிறதோ அவர் கோடை முழுக்க சவுனாவுக்கு விறகு பிளக்க வேண்டும்.

சூரியன் கேட்க ஆரம்பித்தது 1956இல். அந்த வருட நாவலில் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்கும் கட்டத்தில் அது நான்கு நிமிடம் தாமதித்தது. உர்போ ரயில் தாமதத்தைக் குறிப்பதுபோல அதையும் நாட்காட்டி ஓரத்தில் குறித்துக்கொண்டார். அடுத்தடுத்த வருடங்களில் பத்து நிமிடம், அரை மணி என்று கூடியது. யாரும் புகார் செய்யவில்லை. விளக்குக்கு மண்ணெண்ணெய்ச் செலவு மிச்சம்.

அறுபத்தெட்டில் ஆறாவதாக ஒருவன் வந்தான். இர்மேலிக்கு நிச்சயித்திருந்த ரௌனோ, ஆற்றில் மரக்கட்டைகளை மிதக்கவிட்டு ஓட்டும் கூட்டத்தின் மேஸ்திரி. கல்யாணம் தீவிலேயே, ஜூலை இருபது, சனிக்கிழமை. ஐந்து துண்டும் ஒரு வெற்றுப் பொட்டலமும் வாளியில் விழுந்தன. தன் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்ததும் ரௌனோ, "எனக்கு வெத்துங்க" என்று சிரித்துவிட்டுக் கோடரியை எடுத்துக்கொண்டு போனான். அவன் பிளந்த விறகு மூன்று கோடைக்குக் காணும் என்று ஹெல்வி பெருமைப்பட்டாள்.

நாவல் அந்த வருடம் பிரமாதம். பனியில் அகப்பட்ட ஓட்டல், இறந்துபோன கடிகாரக்காரர், உள்ளே தாழிட்ட அறை. உர்போ முதல் துண்டு, என்சியோ இரண்டு, இர்மேலி மூன்று. பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை ஹெல்வி நான்காவதைப் படித்தாள். இன்ஸ்பெக்டர் கதவை உடைக்கிறார், விளக்கைத் தூக்கிப் பிடிக்கிறார், நாற்காலியில் உட்கார்ந்திருந்தது... அங்கே கத்தி வெட்டியிருந்தது.

"யாருக்கிட்ட இருக்கு அடுத்தது? எடு எடு" என்றார் என்சியோ.

ரௌனோவுக்கு வெற்று என்றால் மிச்சம் பிர்க்கோ. பதினெட்டு வயதுப் பிர்க்கோ தரையைப் பார்த்தாள். "எங்கயோ வெச்சேன், மறந்துபோச்சு" என்றாள்.

அன்றைக்குத்தான் சூரியன் நின்றது. முதலில் யாருக்கும் அது உறைக்கவில்லை, எல்லோரும் தேடிக்கொண்டிருந்தார்கள். கூரைக்கடியில், காப்பி டப்பாவில், படகின் அடியில், உருளைக்கிழங்குப் பாத்தியில். மெத்தையைக் கிழித்தார்கள். சவுனா அடுப்பின் சாம்பலைச் சலித்தார்கள். ரௌனோவும் கூடவே முட்டி போட்டுத் தேடினான். எதிர்க்கரையில் இரண்டு இரவு கழிந்த பிறகு தபால் படகுக்காரர் கல்லெர்வோ வந்து சொன்னார்: "அங்க சனிக்கிழமை ஆயிடுச்சு. பாதிரியார் கோட்டு மாட்டிட்டு நிக்கிறாரு. உங்களுக்கு இன்னும் வியாழனா?"

"வியாழன்தான்" என்றார் உர்போ, கடிகாரத்தைப் பார்க்காமலே.

பாதிரியார் நியாயமான மனிதர். தேவாலயத்தில் மூன்று ஞாயிறு அறிவித்தது சனிக்கிழமைக் கல்யாணம். ஆகவே தீவுக்குச் சனிக்கிழமை வந்தால்தான் நடத்த முடியும் என்று சொல்லி அனுப்பினார். ஆனால் ஆகஸ்ட் ஒன்றாம் தேதி அவர் விடுப்பில் போகிறார். திரும்புவது அக்டோபரில். அதற்குள் ரௌனோவை வடக்கே பனிக்காட்டுக்கு மரம் வெட்ட அனுப்பிவிடுவார்கள், வசந்தம்வரை ஆள் கிடைக்கமாட்டான். தீவுக்கு ஒரு வெள்ளி, ஒரு சனி வேண்டும். அப்படியானால் கரைக்கணக்கில் இருபத்தொன்பதாம் தேதிக்குள் சூரியன் இறங்கியாக வேண்டும்.

நாட்கள் ஓடின, அதாவது கரையில். தீவில் அதே சாயங்காலம். ஸ்ட்ராபெரி ஒரே நாளில் இரண்டு தடவை பழுத்தது. கரைக்காரர்கள் வெளிச்சத்துக்காகப் படகில் வந்து வலை பின்னினார்கள், கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு தூங்கினார்கள், எழுந்ததும் முதல் கேள்வியாக "நாற்காலில யாரு?" என்றார்கள். என்சியோ தன் தொப்பியின் விளிம்பை முக்கால்வாசி தின்றுவிட்டார்.

கரையில் இருபத்தெட்டாம் தேதி ஞாயிறு காலை, எல்லோரும் படகுத்துறையில் இருக்க, ஹெல்வி கல்யாணத்துக்காக மூன்றாம் தடவை ஏலக்காய் ரொட்டி பிசைந்தபோது இர்மேலி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்மேல என்னடி கோவம் உனக்கு?"

பிர்க்கோ உடைந்தாள். "எங்கிட்ட துண்டே இல்லக்கா. எனக்குத்தான் வெத்து வந்துச்சு. அவரு முந்திக்கிட்டுச் சொன்னாரா, சரி விறகு வேலை தப்பிச்சுதுன்னு பேசாம இருந்துட்டேன்."

எல்லாக் கண்களும் ரௌனோ பக்கம் திரும்பின. அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றி, வயிற்றோடு ஒட்டி வைத்திருந்த பொட்டலத்தை எடுத்தான். நாற்பத்தொரு பக்கம், வியர்வையில் வளைந்திருந்தது.

"எனக்குப் படிக்க வராது" என்றான். "எழுத்து நிக்க மாட்டேங்குது, நழுவிப் போகுது. பள்ளிக்கூடத்துல நாலு வருசம் ஒரே வகுப்பு. நீ நூலகத்துல வேலை செய்யிற பொண்ணு. எப்படிச் சொல்றது?"

இர்மேலிக்கு அவன் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் எழுபது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து நேரில் வந்தான். அதைக் காதல் என்று அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். காதல்தான், சந்தேகமில்லை. ஆனால் காரணம் இன்னொன்றும் இருந்திருக்கிறது.

அவன் துண்டை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"உன் பங்கு. நீதான் படிக்கணும்."

"விடிஞ்சிடும் இர்மேலி."

"இங்கயா?"

என்சியோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "வராதுன்னா என்ன மாப்ளே, மெதுவாவாவது வரும்ல? ஒரு வார்த்தை. நாற்காலில யாருன்னு மட்டும் சொல்லிரு. மிச்சத்தை அடுத்த வருசம்கூடப் படி."

ரௌனோ முதல் வரியின் கீழே விரலை வைத்தான். ஆறு ஆள் கனமுள்ள கட்டையைத் தள்ளுகிற விரல் அது. "கடி" என்றான். நின்றான். "கடிகார." கரையிலிருந்து படகுகள் வந்து அணைந்தன. துடுப்புகளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்கள், தண்ணீர் சொட்டும் சத்தம்கூட இடைஞ்சல். "கடிகாரக்காரரின்" என்று முடிக்க நான்கு நிமிடம் பிடித்தது.

"அவரோட என்ன? அவரோட யாரு?" என்றார் என்சியோ.

"மாமா, வாய மூடுங்க" என்றார்கள் இரண்டு பெண்களும்.

"மனைவி" என்றான் ரௌனோ. படகுகளில் ஒரு பெருமூச்சு ஓடியது. அவள் மலையிலிருந்து விழுந்து இறந்ததாக முதல் துண்டிலேயே எழுதியிருந்தது.

அதைப்போல ஒரு வாசிப்பு அந்த ஏரியில் அதற்கு முன் நடந்ததில்லை. வேகமாகப் படிப்பவர்கள் தாண்டிவிடும் இடத்திலெல்லாம் ரௌனோ நின்றான். ஒரு கதவு திறக்க முக்கால் மணி நேரம். ஒரு துப்பாக்கி மேஜை இழுப்பறையிலிருந்து வெளியே வருவதற்குள் ஹெல்வி இரண்டு தடவை காப்பி போட்டாள். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை, வார்த்தை தெரிந்தாலும் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். இர்மேலி அவன் தோளோடு ஒட்டி உட்கார்ந்து, அவன் வாயைப் பார்த்தாளே தவிர பக்கத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் சூரியன் மயிரிழை இறங்கியது. கரையில் திங்கட்கிழமை சாயங்காலம் கடைசிப் பக்கம் வந்தபோது அது பாதி மரத்துக்குப் பின்னால் போயிருந்தது, பாதி இன்னும் எட்டிப் பார்த்தது. கொலைகாரன் பெயரை ரௌனோ ஒரே மூச்சில் சொன்னான். "நான் நினைக்கவே இல்ல" என்று உர்போ சொல்லி முடிப்பதற்குள் தீவு இருட்டியது. பெயரை இங்கே எழுதுவதற்கில்லை. நாவல் இன்னும் கடைகளில் கிடைக்கிறது.

வெள்ளி வந்து போயிற்று. சனி விடிந்தது. பாதிரியார் தன் கடைசி வேலை நாளில் படகேறி வந்து, நண்பகலில் உறுதிமொழியைச் சொல்லிக்கொடுக்க வாய் திறந்தார். ரௌனோ புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கி, விரலை வரியின் கீழே வைத்துத் தானே படித்தான். இன்பத்திலும் துன்பத்திலும் என்று போகிற அந்த நான்கு வரிக்கு நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் நிழல்கள் அசையவில்லை. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. இர்மேலி தன் பங்கைச் சொன்ன பிறகு, பாதிரியார் பதிவேட்டில் "சனிக்கிழமை, ஜூலை 20" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சோயிக்கீரை தூவிய உருளைக்கிழங்கும் புகையிட்ட மீனும் சாப்பிட்டுவிட்டுப் படகேறினார். கரையில் அவர் மனைவி புதன்கிழமை இராச் சாப்பாட்டை எடுத்து வைத்திருந்தாள். அதையும் சாப்பிட்டார்.