கூப்பிட மாட்டேன்

“அண்ணா, லீவு போட்டுட்டு வீட்டுக்கு வா.”

எங்கள் வீட்டில் கேட்கவே கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டேன். அதுவும் அப்பா பக்கத்தில் நிற்கும்போதே, ஸ்பீக்கரில். என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்க அம்மா விருட்டென்று எழுந்தாள். எழுந்த வேகத்தில் தலை சுற்றி மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏன், என்னாச்சு?” என்றான் அண்ணன்.

“அம்மாவுக்கு…”

அவ்வளவுதான். லைன் போய்விட்டது. கப்பலிலிருந்து வரும் அழைப்புகள் அப்படித்தான். யாரும் துண்டிக்க வேண்டியதில்லை, தானாகவே அறுந்துபோகும். ‘அம்மாவுக்கு’ என்ற ஒற்றைச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு என் அண்ணன் எந்தக் கடலிலோ நின்றான்.

“பட்டதாரி பேசிட்டாங்க!” என்றார் அப்பா. கோபம் வந்தால் எனக்கு அதுதான் பெயர். “போதுமா? இனி அவன் அங்க எப்படிச் சோறு தின்பான்? எப்படித் தூங்குவான்? படிக்க வச்சதுக்கு நல்லா செஞ்சே.”

“நீங்க எல்லாம் சேர்ந்து அம்மாவைக் கொல்றதை வேடிக்கை பார்க்க நான் பட்டம் வாங்கியே இருக்க வேண்டாம்ப்பா.”

அப்பா கையை ஓங்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். அன்று பட்டறைக்கு விடுமுறை.

அண்ணன் கடற்படையில் இருக்கிறான். வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றிலிருந்து கடலுக்குப் போய்ப் போய் வரும் கப்பலில் வேலை. பயிற்சி முடிந்த அன்று பெற்றோர்களை உட்கார வைத்து ஓர் அதிகாரி பேசினார். வீட்டின் சின்னச் சின்னச் சிக்கல்களைப் பிள்ளைகள் காதில் போடாதீர்கள், அவர்கள் கவனம் வேலையில் இருக்கட்டும் என்றார். நல்ல யோசனைதான். ஆனால் அப்பா லேத் ஓட்டுகிறவர். படித்தவர் ஒருவர் ஓர் அளவைச் சொல்லிவிட்டால் அதில் நூல் பிசகக் கூடாது அவருக்கு. வீடு வந்து சேர்வதற்குள் ‘சின்னச் சின்ன’ என்பது கழன்று விழுந்துவிட்டது. எதையுமே சொல்லக்கூடாது என்றானது. ‘எப்ப வர்றே’ என்று கேட்கக்கூடாது. ‘வா’ என்று வாயைத் திறக்கவே கூடாது.

அதன்பிறகு எங்கள் வீட்டில் நாடகம்தான். கூரை ஒழுகியபோது காய்ந்த சுவரின் முன்னால் எல்லோரும் ஒட்டிக்கொண்டு நின்று வீடியோவில் சிரித்தோம். நான் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது கையில் கட்டுப் போட்டிருந்தபோது, அதை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு இடது கையை ஆட்டினேன்.

“என்னடி, இடது கையால டாட்டா காட்டறே?”

“இப்ப இதுதான் ஸ்டைல்.”

நம்பினானா என்று தெரியவில்லை. சிரித்தான்.

அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அங்கே வாசலிலேயே ஃபோனை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். ஒருநாள் மாலை வெளியே வந்து பார்த்தால் அண்ணனிடமிருந்து தவறிய அழைப்புகள். மறுநாளே வேலையை விட்டுவிட்டாள். வீட்டில் உட்கார்ந்து பொத்தான் தைக்க ஆரம்பித்தாள். காலர்த் துணியின் மிச்சத்தில் ஒரு பை தைத்து, அதில் ஃபோனைப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். குளிக்கப் போனாலும் அது ஜன்னல் விளிம்பில் இருக்கும்.

கப்பலிலிருந்து கூப்பிட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு புது எண் விழும். அதனால் எந்த எண் வந்தாலும் எடுப்பாள். காப்பீடு விற்கும் ஆள் ஒருவன் இதைக் கண்டுபிடித்துவிட்டான். ஊரில் அத்தனை பேரும் வள்ளென்று விழும்போது இவள் மட்டும் “சொல்லுப்பா, சாப்பிட்டியா?” என்றால் விடுவானா? வாரம் தவறாமல் கூப்பிட்டான். கடைசியில் காப்பீட்டை விட்டுவிட்டுத் தன் மேலாளரைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தான்.

“அவனுக்கு உன் பிள்ளைன்னு நினைப்பு” என்றேன்.

“யாரோ பெத்த பிள்ளைதானே. இருந்துட்டுப் போகட்டும்.”

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே பொறுத்துப் போகலாம். அம்மாவுக்கு மாதக்கணக்கில் நிற்காத ரத்தப் போக்கைப் பொறுக்க முடியாது.

நான் வேலை பார்ப்பது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். அம்மா மாடி ஏறி வந்து மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு, ஒரு காலையில் கெஞ்சிக் கூத்தாடி ரத்தம் எடுத்துக்கொண்டு போனேன். முடிவு வந்ததும் இயந்திரம் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். மறுபடி போட்டேன். அதே எண். இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: “இவங்க நடந்தா வந்தாங்க?”

ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் கட்டி. ரத்தம் ஏற்றிவிட்டு உடனே எடுத்துவிட வேண்டும் என்றார். புற்றாகத் தெரியவில்லை, ஆனால் இப்படியே போய்க்கொண்டிருந்தால் இதயம் தாங்காது என்றார். அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்ததும், “பெரியவன் வரட்டும்” என்றாள்.

“அவன் எப்ப வருவான்னு கேக்கவே கூடாதுங்கறே. அப்புறம் எப்படிம்மா வர்ற வரைக்கும் காத்திருக்கறது?”

“ஆபரேஷன்ல ஃபோனை வாங்கி வச்சிடுவாங்களாம். மயக்கத்துல கெடப்பேன். அந்த நேரம் பார்த்து அவன் கூப்பிட்டா?”

“நான் எடுக்கறேன்.”

“அம்மா எங்கேன்னு கேப்பான்.”

“அம்மா தூங்கறாங்கன்னு சொல்றேன்.”

“அவன் கூப்பிடறப்ப நான் என்னைக்குடி தூங்கியிருக்கேன்? அந்த நிமிஷமே கண்டுபிடிச்சிடுவான்.”

அப்பாவும் அதற்குத் தலையை ஆட்டினார். அம்மா மெழுகுபோல வெளுத்துக்கொண்டே போனாள். வீடியோ அழைப்பு வரும்போது கன்னத்தை இரண்டு தட்டுத் தட்டிச் சிவக்க வைத்துக்கொண்டு, மஞ்சள் விளக்குக்குக் கீழே போய் உட்கார்ந்தாள். அதைப் பார்த்த பிறகு வந்த அழைப்பில்தான் என் வாய் தன்னால் திறந்தது.

லைன் போனதும் நான் சும்மா இருக்கவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவையும் ஸ்கேன் தாளையும் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். கூடவே, ‘அம்மா உயிரோடதான் இருக்கா. ஆனா நீ கூப்பிடுவியேன்னு ஆபரேஷனுக்கு வரமாட்டேங்கறா’ என்று எழுதினேன். ஒற்றை டிக் விழுந்தது. கப்பலில் சிக்னல் இல்லை.

அடுத்து வந்த நாட்களில் அந்த ஒற்றை டிக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். லேபில் ஊசி குத்தும் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அதே வேலை. ‘அம்மாவுக்கு’ என்பதை வைத்து அவன் எதையெல்லாம் கற்பனை செய்திருப்பான்? நான் செய்தது சரிதானா என்று எனக்கு ஒரு நிமிடம்கூடச் சந்தேகம் வரவில்லை. ஆனாலும் ராத்திரியில் எழுந்து எழுந்து ஃபோனைப் பார்த்தேன். அப்பா என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூட அம்மா வழியாகத்தான் கேட்டார். அம்மா திட்டவில்லை. பொத்தான் தைத்துக்கொண்டே, “குழந்தை பயந்திருப்பான்டி” என்று மட்டும் சொன்னாள். அண்ணனுக்கு இருபத்தைந்து வயது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மாவால் உட்காரவே முடியவில்லை. பையைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டுச் சுவரோரம் படுத்துவிட்டாள். என் ஃபோனைப் பார்த்தேன். இரண்டு டிக். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமானது. ஒரு மணி நேரம் கழித்து அப்பா கையிலிருந்த ஃபோன் அடித்தது. தெரியாத எண்.

அப்பா எடுத்தார். “எங்களுக்கு எதுவும் வேண்டாம்ப்பா. இருக்கிற உயிரே ஊசலாடுது, இன்சூரன்ஸ் ஒரு கேடா!” என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

“அப்பா! அது அண்ணன்!”

“அவன் குரல் எனக்குத் தெரியாதா?”

“அவனைப் பேச விட்டீங்களா?”

மறுபடி அடித்தது. இந்தத் தடவை நானே பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டேன்.

“அப்பா, யாருக்கு உயிர் ஊசலாடுது?” என்றான் அண்ணன்.

 இத்தனை காலம் நூல் பிசகாமல் காத்ததை அப்பாவே போட்டு உடைத்திருந்தார். அம்மா படுத்தபடியே குரலை மட்டும் எழுப்பி நிறுத்தினாள். “ஒண்ணுமில்லப்பா. உன் தங்கச்சிக்கு எதையும் பெருசாக்கிப் பழக்கம். நான் ஜம்முனு இருக்கேன்.”

“அம்மா, ரிப்போர்ட்டை இப்பத்தான் பார்த்தேன். எங்க கப்பல் டாக்டர்கிட்டயும் காட்டிட்டேன். நடிக்காதே.”

“யாருப்பா நடிக்கிறா?”

“எல்லாரும்தான்! இங்க ஒவ்வொருத்தனும் வீட்டுக்கு ஃபோன் போட்டா சண்டை போடறான், அழறான், மோட்டார் ரிப்பேர்ங்கறான், பக்கத்து வீட்டுக்காரனைத் திட்டறான். எனக்கு மட்டும்தான் பற்பசை விளம்பரத்துல வர்ற மாதிரி ஒரு குடும்பம். உங்க வீட்ல நிஜமாவே ஆளுங்க இருக்காங்களாடான்னு கூட இருக்கறவன் கேக்கறான்.” நிறுத்தினான். பிறகு குரல் இறங்கியது. “நான் இல்லாம நீங்க எல்லாம் இவ்வளவு நல்லா இருக்கீங்களேன்னு சில சமயம் கடுப்பாக்கூட இருக்கும்மா.”

அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

“லீவு கேட்டேன்” என்றான். “கப்பல் திரும்பற வரைக்கும் முடியாதுன்னுட்டாங்க. வர முடியாதும்மா.”

“அதுக்கென்ன, நீ வந்தப்புறம் பார்த்துக்கலாம்…”

“கேளு. நாளைக்கு நாங்க கிளம்பறோம். இனி ரெண்டு வாரத்துக்கு என்கிட்ட இருந்து ஃபோன் வராது.”

“நடுவுல ஒரு தடவைகூடவா?”

“ஒரு தடவைகூட. நான் கூப்பிட மாட்டேன். நீ காத்திருந்தாலும் வராது. அதுக்குள்ள போய்ப் படுத்து அதை எடுத்துப் போட்டுட்டு வா. கரையேறினதும் முதல் ஃபோன் உனக்குத்தான். அப்ப நீ உண்மையைச் சொல்லணும். வலிச்சா வலிக்குதுன்னு சொல்லணும்.”

“வராதுன்னா வராதே?” அம்மா மறுபடி கேட்டாள். உறுதிப்படுத்திக்கொள்கிற குரல்.

“சத்தியமா வராது.”

“சரிப்பா” என்றாள்.

“குட்டிப்பிசாசு இருக்காளா?”

“இருக்கேன்.”

“பாதி வார்த்தையில லைன் போனதுல அன்னையிலேருந்து எனக்கு உயிரே இல்ல. அடுத்த தடவை விஷயத்தை முதல்ல சொல்லு, ‘வா’ங்கறதை அப்புறம் சொல்லு. ஆனா சொல்லு.”

லைன் போய்விட்டது. அந்த இரண்டு வார அமைதி கப்பலின் வேலையா, அவனாக அம்மாவுக்குக் கொடுத்ததா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

அம்மா ஃபோனைப் பைக்குள் போடவில்லை. மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அவள் இப்படி அவசரமில்லாமல் குளித்துப் பல மாதம் ஆகிறது. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். பசிதான் வந்தது. பாத்திரத்தில் இருந்ததை நின்றபடியே அள்ளித் தின்றேன். அப்பா என்னைப் பார்த்தார்.

“அவனுக்கும் கொஞ்சம் குரல் தெளிஞ்சுதான் இருந்துச்சு, இல்ல?” என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசுகிறார்.

“தெளிஞ்சுதான் இருந்துச்சுப்பா.”

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போகவில்லை. அறைக்கும் வாசலுக்குமாக நடந்தார். “உன் சித்தப்பாவையும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம். வேற ஒரு டாக்டர்கிட்டயும் காட்டலாம். பெரிய ஆபரேஷன். இந்த மாசக் கடைசி போகட்டும், நிதானமா…”

கட்டிலில் உட்கார்ந்து தலைமுடியை உலர்த்திக்கொண்டிருந்த அம்மா என்னைப் பார்த்தாள். “ரெண்டு வாரம்தான் இருக்கு” என்றாள், யாரிடமும் இல்லாமல்.

ஸ்கேன் உறையை எடுத்துக்கொண்டேன். லேபுக்கு வரமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தேன். ரத்தம் கொடுக்க அங்கே இரண்டு பேரைப் பேசியும் வைத்திருந்தேன். செருப்பை மாட்டினேன்.

“எங்க கிளம்பிட்டே? நான் இன்னும் சரின்னு சொல்லலையே!”

“மெதுவா சொல்லிட்டு வாங்கப்பா. நான் ஆஸ்பத்திரியில பெட் போடச் சொல்லப் போறேன்.”

“திமிரைப் பாரு. ஏய், வண்டிச் சாவியையாவது எடுத்துக்கிட்டுப் போயேன்!”

அதற்குள் நான் படியிறங்கித் தெருவுக்கு வந்திருந்தேன்.