ஆமென் வராத தீர்ப்பு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: சமோவாவின் சவாயீ தீவில், சாலெமோவா கிராமத்தில், திங்கட்கிழமை முற்பகல், மாட்சிமை பொருந்திய தலைவர்கள் சபையின் நடுவே, மனசாட்சி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. முந்தின நாள்தான் போதகர் எலிசாயா பிரசங்க மேடையில் நின்றபடி அதைத் தேடு தேடென்று தேடியிருந்தார். அப்போது அகப்படவில்லை.

அகப்பட்ட இடமும் அவ்வளவு கௌரவமானதல்ல. திருச்சபை மூப்பர் பெனியமினாவின் தொண்டையில் அது மீன்முள் மாதிரி சிக்கிக்கொண்டிருந்தது.

பெனியமினா வீரர் இல்லை. யார் எதைச் சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்பார். தலைவர்கள் கூடும் அந்தச் சுவரில்லாத மண்டபத்தில் அவர் சாய்ந்துகொள்ள ஒரு தூண் உண்டு. அதில் சாய்ந்தபடி தலையாட்டுவார். ஆனால் ஜெபம் என்று வந்துவிட்டால் அவரை அடிக்க ஆளில்லை. கூட்டத்தின் ஆரம்ப ஜெபமும் முடிவு ஜெபமும் அவருடையவை. முடிவு ஜெபத்துக்கு ஆமென் விழாதவரை தீர்ப்பு தீர்ப்பாகாது. யாரும் எழுந்திருக்க முடியாது. சாப்பாட்டைத் தொடவும் முடியாது.

அன்றைய குற்றவாளி செமு. சனிக்கிழமைக் காற்று அவன் வீட்டுத் தகரங்களைப் பிய்த்துக்கொண்டு போனது. ஞாயிறு விடிந்ததும் மழை. படுத்த படுக்கையாய்க் கிடந்த தாய் ஃபுசி நனைந்தாள். செமு கோயிலுக்குப் போகாமல் கூரையில் ஏறிவிட்டான். கோயிலிலோ போதகர், "மனசாட்சி என்பது தேவனுடைய மெல்லிய குரல்" என்று உருகிக்கொண்டிருந்தார். அவர் மெல்லிய குரல் என்று சொல்லும்போதெல்லாம் வெளியே டொக், டொக் என்று கேட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வேலையே செய்யக்கூடாத ஓய்வுநாள் கெட்டதைவிட அந்தச் சிரிப்புதான் போதகரை அதிகம் சுட்டது. பாதிக் கூரையிலேயே செமுவை ஊர் வாலிபர்கள் இறக்கிவிட்டார்கள்.

தீர்ப்பு: சூரியன் சாய்வதற்குள் செமுவும் தாயும் ஊரைவிட்டுப் போகவேண்டும்.

"எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்றார் பெரிய தலைவர் லெவாசா. தலைகள் வரிசையாக ஆடின. பெனியமினாவின் தலையும் ஆடியது.

"அப்ப ஜெபத்த முடிய்யா, பெனி. பன்னிக்கறி ஆறுது."

பெனியமினா கண்ணை மூடினார். "எங்கள் பரம பிதாவே, உமக்கு ஸ்தோத்திரம். உம்முடைய சித்தத்தின்படி நாங்கள் இன்று..."

அங்கே நின்றது. உருக்கத்துக்காக நிறுத்துகிறார் என்று குனிந்த தலைகள் காத்திருந்தன. உருக்கம் நீண்டுகொண்டே போனது. பசி பொறுக்காத ஒருவர் ஆமென் என்று சொல்லிப் பார்த்து, பக்கத்துக்காரரிடம் இடி வாங்கினார்.

"என்னய்யா, தொண்ட கட்டிக்கிச்சா?" என்றார் லெவாசா.

"இல்லைங்க. அடுத்த வார்த்த வரமாட்டேங்குது."

"தெனமும் வர்ற வார்த்ததானே?"

"அதாங்க."

கண்ணைத் திறந்துகொண்டு மனிதர்களுக்குத் தலையாட்டுவது சுலபம். கண்ணை மூடினால் வேறொருவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். ஞாயிறு மதியம், போதகருக்குச் சாப்பாட்டுக் கூடையோடும் குடையோடும் பெனியமினா செமுவின் வீட்டைத் தாண்டிப் போயிருந்தார். ஃபுசியின் வயிற்றின் மேல் ஒரு எனாமல் சட்டி. கூரையிலிருந்து விழுந்த நீர் அதில் நிறைந்துகொண்டிருந்தது. "கர்த்தர் பாத்துக்குவார்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு வேகமாக நடந்திருந்தார். கர்த்தர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இப்போது அதுதான் சங்கடம்.

"நீ இப்பத்தானேய்யா தலைய ஆட்டின?" என்றார் லெவாசா.

"ஆட்டினேங்க. அது உங்களுக்கு."

போதகருக்கு ஆள் போயிற்று. வெள்ளை உடுப்பில் வந்து சேர்ந்த எலிசாயா விஷயத்தைக் கேட்டார், வாழையிலையால் மூடியிருந்த பன்றியைப் பார்த்தார், கைக்குட்டையால் நெற்றியை ஒற்றினார்.

"ஆரம்பிச்சவரே முடிக்கிறதுதான் முறை. ஊர் விவகாரத்துல நான் தலையிடுறதில்ல."

"வருத்தப்பட்டது நீங்கதானே, ஐயா?" என்றார் லெவாசா.

"வருத்தப்பட்டேன். ஊரவிட்டு அனுப்புங்கன்னு என் வாயால சொல்லலையே" என்றபடி, சாப்பாட்டுக்குப் பக்கமாக ஓர் இடம் பார்த்து உட்கார்ந்தார்.

லெவாசாவின் முகம் கறுத்தது. "பெனி, இப்ப முடிக்கலன்னா மூப்பர் பதவி உனக்குக் கிடையாது. நல்லா யோசிச்சுக்க."

பெனியமினா யோசித்தார். அந்தப் பதவியைத் தவிர அவரிடம் பெருமைப்பட ஒன்றும் கிடையாது. கைகளைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டார்.

"நாம செஞ்சது சரின்னு அவர்கிட்டச் சொல்ல வாய் வரலைங்க. தப்புன்னு உங்ககிட்டச் சொல்லத் தைரியம் வரல. கண்ண மூடினா, ஒழுகுற கூரைக்குக் கீழ ஃபுசி வயித்து மேல வச்ச சட்டிதான் தெரியுது. அதான் சும்மா இருக்கேன்."

லெவாசா தான் சாய்ந்திருந்த தூணிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தச் சட்டி... ரொம்பவா நிறைஞ்சிருந்துச்சு?"

"வழிஞ்சுதுங்க."

"சரி. சம்மதம்னு தலையாட்டினவங்க யாருக்காவது இந்த ஜெபம் வந்தா பண்ணுங்க. நான் தடுக்கல."

தலைவர்கள் எல்லோரும் பாயின் பின்னலை ஆராயத் தொடங்கினார்கள். போதகர் அதைவிடக் கூர்ந்து ஆராய்ந்தார்.

"எனக்கும் வரல" என்றார் லெவாசா. "தீர்ப்பத் திரும்ப எடுத்துக்கிட்டேன். அவங்க இருக்கட்டும்."

பசியால் மனம் மாறினாரா, மனசாட்சியாலா என்று ஊரில் இன்றுவரை வாதம் உண்டு. இரண்டும் காலி வயிற்றில்தான் நன்றாகப் பேசும் என்பதால் பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் முதலில் வாயை மூடியது யார் என்பதில் வாதமில்லை. பயந்தவன் பயத்தோடேயே உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதைப்போல ஒரு வீரத்தை அந்த மண்டபம் அதுவரை கண்டதில்லை.

அன்று பெனியமினா செய்ததுதான் அவர் வாழ்நாளிலேயே சின்ன ஜெபம்: "பிதாவே, எங்களை மன்னியும். ஆமென்."

அடுத்த ஞாயிறு, தன் பிரசங்கம் தலைவர்கள் சபையில் கனி கொடுத்ததைப் பற்றிப் போதகர் எலிசாயா ஒரு நீண்ட பிரசங்கம் செய்தார். பெனியமினா அதற்கு முன்பே, செவ்வாய்க்கிழமை, யாருக்கும் சொல்லாமல் சுத்தியலோடு செமுவின் கூரையில் ஏறி, மிச்சமிருந்த தகரங்களைத் தானே அடிப்பதாகப் பிடிவாதமாக நின்று அடித்துக் கொடுத்திருந்தார்.

அவருக்கு ஆணி அடிக்கத் தெரியாது. கூரை இன்னும் ஒழுகுகிறது.