நத்தார் கசட்டில் சூசையப்பர்

எண்பத்திரண்டில் கல்முனையில் எனக்கு ஒரு கசட் பதிவுக் கடை இருந்தது. கல்முனைக்குடிச் சீனிமுகம்மது யேசு பிறப்புக்குப் பாடிய நத்தார் கசட் அங்கேதான் உருவானது. கவி பாடும் ஒரு முஸ்லிம் ஆள் நத்தார்ப் பாட்டுப் பாடினானா என்று சிரிப்பவர்கள், சவளக்கடை வயலில் நடந்ததையும் நம்பமாட்டார்கள். அவன் பாட, நெல் தின்ன வந்த கிளிகள் பசியை மறந்து வரம்பில் வரிசையாகக் குந்திவிட்டன. இரண்டு கிளிகள் பின்பாட்டும் பாடின. ஒன்றுக்குச் சுருதி சரியில்லை.

பாடச் சொன்னவர் மருத்துவிச்சி அன்னப்பிள்ளை. கிறிஸ்தவ வேதக்காரர். கோயிலில் ஆர்மோனியப் பாட்டுக் கேட்டு அலுத்துப்போய், நம்மூர்க் கவி மெட்டில் யேசு பிறந்த கதை வேண்டும் என்றார். சீனிமுகம்மது தான் சிறுவயதில் குர்ஆன் ஓதப்போன இடத்தில் கேட்டபடியே பாடி முடித்தான். மரியம் தன்னந்தனியே பேரீச்ச மரத்தடியில் நோவெடுத்து அழுகிறார். மாட்டுத்தொழுவம் இல்லை, இடையர் இல்லை. அதையெல்லாம் அன்னப்பிள்ளை பொறுத்துக்கொண்டார். மரியத்தின் புருஷன் சூசையப்பரைக் காணவில்லை என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. பங்குச் சுவாமியார் அப்படியொரு கசட்டைக் கோயிலில் போட விடமாட்டாராம்.

“தம்பி, சூசையப்பர் எங்க?”

“எங்கட கதையில அவர் இல்ல, அக்கா.”

“ஒரு பாட்டிலயாவது வந்து போகட்டுமே.”

“வரமாட்டார். நானும் வரல்லதானே.”

நான் மெஷினை நிறுத்தினேன். அவன் மனைவி றஹீமா தலைப்பிரசவத்தில் பிள்ளையோடு மௌத்தாகி அப்போது மூன்று வருடம். அன்று அவன் சவளக்கடையில் சூடடிக்கும் களத்தில் பாடிக்கொண்டிருந்தான். களத்துக்குள் கெட்ட சொல் வரக்கூடாது என்பது வழக்கம். ஆகவே ஊரிலிருந்து வந்த சேதியை, நெல் அளந்து முடியும்வரை வெளியே நிறுத்திவைத்தார்கள். சேதியும் மரியாதையாக நின்றது. றஹீமாவுக்குப் பேறு பார்த்தவர் இதே அன்னப்பிள்ளைதான். அவன் அதுவரை அவரிடம் ஒன்றும் கேட்டதில்லை. இப்போது மைக்கைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

“அவ என்னக் கேட்டாளா?”

அன்னப்பிள்ளை சேலைத் தலைப்பைச் சுருட்டினார், விரித்தார்.

“முதல்ல தண்ணி கேட்டா. மறுகா உன்னக் கேட்டா.”

“தண்ணி குடுத்தீங்களா?”

“கொண்டு வரக்குள்ள போயிட்டா, தம்பி.”

வெளியே அக்கரைப்பற்று பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடியட்டும் என்று காத்திருந்துவிட்டு, மெஷினைப் போடச் சொன்னான்.

குடத்திலே தண்ணி கொண்டு
குறுக்கு வரம்பால் ஓடி வந்தேன்
படுத்த கிளி கண் திறந்து
பருகாயோ ஒரு மிடறு

சுவாமியாருக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. சூசையப்பர் கொஞ்சம் பிந்தி வருகிறார், பரவாயில்லை என்றாராம். அதற்குப் பிறகு வந்த நத்தார்களில் வேதக்காரர் வீடுகளில் எல்லாம் அந்தக் கசட்தான் ஓடியது.

அந்தப் பாட்டில் மரியம் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறார். சூசையப்பர் குடத்தைச் சரித்துப் பிடித்தபடி நிற்கிறார். பாட்டு அதோடு நின்றுவிடுகிறது. பிள்ளை பிறந்ததா என்றுகூட அவன் பாடவில்லை.