டேட்டா போயிடும், பரவால்லையா?

எங்கள் தெருவில் போனைப் பற்றிக் கருத்து சொல்லாத ஆளே கிடையாது. நாம் பேசுவதையெல்லாம் அது ஒட்டுக் கேட்கிறது என்பாள் எதிர்வீட்டுப் பார்வதம். மருமகளிடம் தொட்டில் வாங்க வேண்டும் என்று வாயால்தான் சொன்னாளாம், மறுநாளே போனில் தொட்டில் விளம்பரம் வந்துவிட்டதாம். அன்றிலிருந்து வீட்டில் சண்டை என்றால் முதலில் போனை அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். இன்னும் சிலர் கேமராவுக்கு மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள். எதிலும் ஒத்துப்போகாத இவர்கள், கல்யாணமான ஆம்பளை போனுக்கு லாக் போட்டால் உள்ளே ஒருத்தி இருக்கிறாள் என்பதில் மட்டும் ஒரே கட்சி.

எனக்கு இந்தத் தெருவின் வாயைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அது கடைசியில் போய் விழுந்தது சுரேகாவின் தலையில்.

நான் சாமுண்டீஸ்வரி. நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் பின்னால் எங்கள் வீடு. சுரேகாவும் அவள் புருஷன் வினோத்தும் பக்கத்து வீடு. நடுவில் ஒரு சுவர்தான். இந்தப் பக்கம் நான் தாளித்தால் அந்தப் பக்கம் அவள் தும்முவாள். வினோத்துக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. டாக்டர், கோயில் எல்லாம் அலைந்து ஓய்ந்து, அந்தப் பேச்சையே இருவரும் விட்டுவிட்டார்கள். அதன் பிறகுதான் அவன் அந்தப் புது போனை வாங்கினான். கண்ணாடியின் அடிப்பக்கத்தில் விரல் ரேகை மாதிரி ஒரு குறி மினுங்கும். அதன்மேல் விரலை வைத்தால் திறக்கும். இல்லையென்றால் நம்பர் போட வேண்டும். அந்த நம்பரை அவன் சுரேகாவுக்குச் சொல்லவில்லை.

"உன் போட்டோ எல்லாம் இதுலதான்டி கீது," என்பான். "கம்பெனில சார்ஜ்ல போட்டுட்டுப் போறேன், போறவன் வரவன் எல்லாம் கை வெக்கிறான். லாக் இல்லன்னா சரிப்படாது."

"அப்ப கம்பெனிக்காரனுக்கு லாக் போடு. எனக்கு இன்னாத்துக்கு?"

அதற்கு அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்புதான் அவளைப் போட்டு வதைத்தது.

"ஊர்ல கீறவன் எல்லாம் இவரு போனுக்குள்ள பூந்து பாக்குறான்க்கா," என்று என்னிடம் வந்து பொருமுவாள். "தொட்டில் விக்கிறவன் பாக்குறான், லோன் குடுக்குறவன் பாக்குறான். பொண்டாட்டி மட்டும்தான் பாக்கக்கூடாது."

அவன் குளிக்கப் போகும் நேரம் எடுத்துப் பார்க்க வேண்டியதுதானே என்று பார்வதம் யோசனை சொன்னாள். சுரேகா கேட்கவில்லை. "அவரா குடுத்தா பாக்குறேன். நான் திருட்டுத்தனமா அமுக்கி, அது தொறக்காம போயி, அதுக்கும் ஒருவாட்டி அவரு சிரிக்கணுமா?" என்றாள். அவ்வளவு ரோஷம் அவளுக்கு. வீட்டைப் பெருக்கும்போதுகூட அந்த போனை ஏதோ சூடான பாத்திரம் மாதிரி ஓரத்தைப் பிடித்துத்தான் நகர்த்தி வைப்பாள்.

போன ஆடி மாசம் வேலையில் நின்றுகொண்டிருந்த வினோத் அப்படியே சாய்ந்துவிட்டான். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். பூந்தமல்லிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உள்ளே அவனுக்கு மெஷின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வெளியே நாற்காலியில் சுரேகா, அவள் மடியில் அவன் போன். சொந்தக்காரர்கள் கூப்பிட்டால் எடுத்து நிலவரம் சொல்வாள். நடுநடுவே டிங் என்று ஏதாவது வரும். புது மெசேஜ் என்று மட்டும் காட்டும், யார் என்று காட்டாது. அவள் வெளிச்சம் அணையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். உள்ளே கிடப்பவனுக்காகக் கும்பிடுவதா, இங்கே மினுங்குவதைக் கண்டு எரிவதா என்று அந்தப் பெண் பட்ட பாட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அவன் கண் திறக்கவே இல்லை.

உடம்பு வீட்டுக்கு வந்ததும் முதல் பிரச்சினை போட்டோ. கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படம் வேண்டும். சமீபத்தில் எடுத்த நல்ல படமெல்லாம் அவன் போனுக்குள் இருந்தது. வினோத்தின் அண்ணன் கங்காதரன் வந்து கேட்டார்.

"நம்பர் இன்னாம்மா?"

"தெரியாது மாமா."

உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எழவு வீட்டில்கூட அந்தக் கண்கள் சும்மா இருக்கவில்லை. அவர்களை எழுப்பி வெளியே தள்ளலாமா என்று இருந்தது எனக்கு.

"விரலுதான் கீதே. வெச்சா தொறந்துக்கப்போவுது," என்றது யாரோ ஒரு குரல்.

ஆனால் அவன் கைக் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியாகிவிட்டது. அவன் அம்மா பொன்னம்மாள் உடம்பு வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியை மறித்துக்கொண்டு, "கட்டுன கட்ட அவுக்கக்கூடாதுடா கங்கா, எம்புள்ள நிம்மதியா போமாட்டான்டா," என்று கதறினாள். கங்காதரன் பின்வாங்கிவிட்டார். போட்டோ வேறு எங்காவது பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லும்போதே சுரேகா எழுந்துவிட்டாள்.

"அவுக்கணும்," என்றாள்.

பேனருக்காகத்தான் அவள் கேட்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு மட்டும் தெரியும். கண்ணாடிப் பெட்டியின் மூடியைத் தூக்கினார்கள். கட்டை அவளே அவிழ்த்தாள். பெட்டிக் குளிரில் அவன் விரல் ஈரம் பூத்திருந்தது. முந்தானையால் துடைத்து போனில் வைத்தாள். போன் ஒரு தரம் அதிர்ந்து நின்றது, திறக்கவில்லை. விரலைத் தன் உள்ளங்கைக்குள் பொத்திச் சூடாக்கி மறுபடி வைத்தாள். மற்ற கை விரலையும் வைத்தாள். வாயால் ஊதி ஊதி வைத்தாள். கடைசியில் போன், விரல் இனிமேல் செல்லாது, நம்பரைப் போடு என்று சொல்லிவிட்டது. அவள் கைக்கு முடிச்சு விழாததால் கட்டைத் திரும்பக் கட்டியது நான்தான்.

பேனரில் கம்பெனி அடையாள அட்டைப் படத்தைப் போட்டார்கள். பெரிதாக்கியதில் முகம் ஊதிப்போய் வேறு யாரோ மாதிரி இருந்தான். எங்கள் தெரு முனையில் அந்த வேறு யாரோவுக்குத்தான் மாலை போட்டார்கள்.

கருமாதி முடிந்து கூட்டம் கலைந்தது. சுரேகா சாப்பிட்டாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அழுகை மட்டும் வரவில்லை. அவளுக்கு நெஞ்சு கல் என்று பார்வதம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஒருநாள் நானே கேட்டுவிட்டேன்.

"அழுதுடு சுரேகா. உள்ள வெச்சிக்கினு இருக்காத."

"எப்டிக்கா அழுவுறது?" என்றாள். "ஒருத்தி இருந்தான்னா இருந்துட்டுப் போவட்டும். தெரிஞ்சா அவரு படத்தைத் திருப்பி வெச்சுட்டு என் பொழப்ப பாப்பேன். இல்லன்னா, என் புருஷன் நல்லவருன்னு ஓன்னு அழுதுடுவேன். இப்ப ரெண்டும் முடியலக்கா. பாதி அழுவ வரும்போது அந்தப் போனு கண்ணுக்கு முன்னாடி வந்துடுது."

புருஷனுக்காக அழுவதற்குக்கூட நம்பர் கேட்கிற காலமாகிவிட்டது. மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு ஆவடிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் வரிசையாக மொபைல் கடைகள். கூட்டம் குறைவாக இருந்த ஒன்றில் நுழைந்தோம். கடைக்காரர் நல்ல மனுஷன்தான். போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆதார் கார்டு, பில் எல்லாம் கேட்டார். கொண்டுபோயிருந்தோம், காட்டினோம். இறந்துபோனவர் போன் என்றதும் குரலைத் தணித்துக்கொண்டார்.

"லாக் எடுக்கணும், அவ்ளோதானேக்கா? எடுத்துடலாம்."

சுரேகா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் இது இவ்வளவு சுலபமாகவா இருந்தது என்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"டேட்டா போயிடும், பரவால்லையா?" என்று கேட்டார் அவர்.

டேட்டா என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். ரீசார்ஜ் பண்ணினால் தினம் இத்தனை ஜிபி என்று கொடுப்பானே, சாயங்காலத்துக்குள் தீர்ந்துபோகுமே, அது. படம் பார்க்கும்போது நின்றுபோனால் டேட்டா தீந்துடுச்சு என்போமே, அது. சுரேகா அரைக் கணம்கூட யோசிக்கவில்லை.

"போனா போவுதுண்ணே. இனிமே யாரு அதுல நெட்டு பாக்கப் போறாங்க?"

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் வெளியே நின்று கரும்புச்சாறு குடித்தோம். அவன் போன பிறகு அவள் ஒரு வாய் ருசித்துக் குடித்ததை அன்றுதான் பார்த்தேன். "எது இருந்தாலும் பாத்துடலாம்க்கா, பக்கத்துல நீ கீற," என்றாள்.

போன் வந்தது. திறந்திருந்தது. சுரேகா அதை இரண்டு கையாலும் வாங்கினாள். போட்டோ இருக்கும் இடத்தை நான் தொட்டுக் காட்டினேன். வெள்ளையாக இருந்தது. மெசேஜ் வெள்ளை. யார் யாரைக் கூப்பிட்டான் என்ற இடமும் வெள்ளை. ஏதோ கடையிலிருந்து அன்றுதான் வாங்கி வந்த மாதிரி பளபளவென்று இருந்தது.

"அண்ணே, உள்ள இருந்ததெல்லாம் எங்க?"

"அதாங்கா கேட்டேனே, டேட்டா போயிடும்னு. போட்டோ, மெசேஜு எல்லாம் அழிஞ்சாத்தான் லாக் எடுக்க வரும். நீங்கதான் போனா போவுதுன்னீங்க."

அவருக்கே முகம் செத்துவிட்டது. அவனுடைய ஈமெயில் ஏதாவது தெரியுமா, எங்காவது ஏற்றி வைத்திருப்பாரா என்று கேட்டுப் பார்த்தார். எங்களுக்குத் தெரியவில்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நான் அந்த டேட்டா என்கிற வார்த்தையைத் திட்டித் தீர்த்தேன். எங்களுக்குத் தெரிந்த தமிழில் அழிஞ்சிடும் என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதை ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கக் கூடாதா? சுரேகா திட்டவில்லை. "தெரியவே போறதில்லக்கா," என்று மட்டும் ரயிலில் ஒருதரம் சொன்னாள்.

ஒரு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை துலுக்கானம் வந்தார். வினோத்தோடு தினம் ஒரே ரயிலில் வேலைக்குப் போய் வந்தவர். வினோத் அவரை மச்சான் என்பான், அதனால் அவருக்கு சுரேகா தங்கச்சி. கம்பெனியில் கிடந்த வினோத்தின் டிபன் பாக்ஸையும் ஷூவையும் கொண்டுவந்திருந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். ஷூவைப் பார்த்தும் சுரேகா அழவில்லை. பக்கத்தில் வெளிச்சத்தோடு திறந்து கிடந்த போன் அவர் கண்ணில் பட்டது.

"அப்பாடா, தொறந்துட்டியாம்மா? உன் வெரலை வெச்சா தொறந்துக்கும்னு சொல்லத்தான் பேனர் அன்னிக்கே நெனச்சேன். அன்னிக்குக் கூட்டத்துல கிட்ட வர முடியல. அப்புறம், அவ வெரலு ஆச்சே, அவளுக்குத் தெரியாமலா இருக்கும்னு உட்டுட்டேன்."

"என் வெரலா?" என்றாள் சுரேகா.

"இன்னாம்மா, உனக்குத் தெரியாதா? வாங்குன வாரமே உன் வெரலையும் அதுல ஏத்திட்டான்மா. நீ மத்தியானம் அசந்து தூங்கினு இருந்தியாம். கைய எடுத்து வெச்சு வெச்சுப் பதிச்சேன்டா மச்சான், கும்பகர்ணி, முழிக்கவே இல்லன்னு ரயில்ல சொல்லிச் சொல்லி சிரிச்சான். என்னிக்காவது கோவத்துல எடுத்து அமுக்குவா பாரு, பட்டுனு தொறந்துக்கும், அப்ப அவ மூஞ்சிய நான் பாக்கணும்டான்னான். அப்புறம் டெய்லி கேப்பேன், தொட்டாளாடான்னு. இன்னும் இல்ல மச்சான், ரோஷக்காரின்னுவான். அத்த சொல்லும்போது அவனுக்கு அவ்ளோ பெருமை."

துலுக்கானத்துக்கு நடந்தது எதுவும் தெரியாது. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு அந்த ஆஸ்பத்திரி நாற்காலி கண்ணில் வந்து நின்றது. அத்தனை நேரம் மடியில்தான் கிடந்தது. ஒரே ஒரு முறை, தெரியாத்தனமாக, இவள் விரல் அந்தக் குறியில் பட்டிருந்தால் போதும். செத்தவன் விரலை ஊதி ஊதிச் சூடாக்கினாளே, சூடு குறையாத விரல் அவள் கையிலேயே இருந்திருக்கிறது. கடவுளே, ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா அந்தப் பாவி?

சுரேகா டிபன் பாக்ஸை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு அழுதாள். தெருவுக்கே கேட்டது. பார்வதம் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தாள். நான் கதவைச் சாத்தினேன். "என் புருஷன், என் புருஷன்" என்பதைத் தவிர வேறு வார்த்தை அவளுக்கு வரவில்லை.

வெகுநேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு துலுக்கானத்தைப் பார்த்தாள்.

"எந்த வெரலுண்ணே?"

"அத்த அவன் சொல்லலியேம்மா."

அவள் போனை எடுத்து அணைத்தாள். அடிப்பக்கம் குறி இருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துத் தள்ளினாள். திறந்தது. அணைத்தாள். ஆள்காட்டி விரலை வைத்தாள். திறந்தது. நடுவிரலுக்கும் திறந்தது. கடைக்காரர் லாக் எதுவும் இல்லாமல்தான் கொடுத்திருந்தார். அது தெரிந்தும் அவள் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.