பச்சைத்தண்ணிகூட

தன் வீட்டு வாசலில் ஜெயக்கொடி நீட்டிய தண்ணீர்ச் சொம்பைப் பார்த்ததுமே அப்பாதுரைக்குத் தொண்டை இன்னும் வறண்டது. தாம்பரத்தில் வாங்கிய தண்ணீர் பாக்கெட் மாடம்பாக்கம் வருமுன்பே தீர்ந்துபோயிருந்தது. அதற்கப்புறம் பள்ளிக்கூடத்தில் உச்சிவெயில் வரை ஒரே பொய்யைப் பல வாய்களில் கேட்டாயிற்று. சாதிக்கொடுமைப் புகார்களை விசாரிக்கும் ஆணையத்தில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவருக்குப் பொய் புதிதல்ல. சலிப்புதான் ஒவ்வொரு முறையும் புதிதாக வந்து தொலைக்கிறது.

இந்தப் புகார் சத்துணவுச் சமையல்காரி ஜெயக்கொடியுடையது. அவள் கை பட்ட சோறு வேண்டாமென்று பெற்றவர்கள் பிள்ளைகளுக்கு டிபன் டப்பா கட்டிக் கொடுத்தார்கள். தலைமையாசிரியர் அவளிடமிருந்த கரண்டியைப் பிடுங்கி விளக்குமாற்றைக் கொடுத்துவிட்டார். "அந்தம்மாவுக்கு முதுகுவலி சார், அவங்களாதான் கேட்டாங்க. இங்க ஜாதியெல்லாம் யாரும் பார்க்கறதில்லை" என்றார் இன்று, டீயும் மிக்சரும் நீட்டியபடி. அப்பாதுரை தொடவில்லை. விசாரணைக்குப் போன இடத்தில், யார் கொடுத்தாலும், பச்சைத்தண்ணிகூடக் குடிப்பதில்லை. முன்பொரு கேஸில் புகார் கொடுத்தவள் வாங்கித் தந்த சோடாவைக் குடித்துத் தொலைத்தார். அதிகாரி விலைபோய்விட்டார் என்று எதிர்த்தரப்பு மனுப் போட்டு கேஸையே கவிழ்த்துவிட்டது.

இப்போதும் எதிர்ச்சாரியில் தலைமையாசிரியரின் ஆள் ஒருவன் பைக்கில் சாய்ந்து நின்றான். கையில் செல்போன், கேமரா இவர்கள் பக்கம் திரும்பியிருந்தது.

"வேணாம்மா."

"நான் ஆக்குனதத்தான் துன்ன மாட்டேன்னாங்க. தண்ணிக்கு இன்னா சார்?"

"ரூல்ஸ்மா. ஸ்கூல்லயும் நான் குடிக்கல."

"என்னாண்ட எட்மாஸ்டரும் ரூல்ஸ்னுதான் சார் சொன்னாரு."

நானும் உங்க ஆள்தாம்மா என்ற வார்த்தை அவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் எல்லாம் போச்சு. சாதிக்காரிக்குச் சாதகமாக எழுதினான் என்பார்கள், கரண்டி அவள் கைக்குத் திரும்பவே திரும்பாது. அதையும் விழுங்கிக்கொண்டார். கூசிப்போனது. சொந்த அக்கா வீட்டு வாசலில் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டதுபோல் இருந்தது.

"நல்லபடியா எழுது சார், புண்ணியமாப் போவும்" என்றாள். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை.

தெருமுனையில் திரும்பிப் பார்த்தார். ஜெயக்கொடி தண்ணீரைக் கொட்டவில்லை. பைக்கில் சாய்ந்திருந்தவன் பார்க்க, இவரும் பார்க்க, சொம்பைத் தூக்கி அண்ணாந்து, மடமடவென்று முழுவதையும் தானே குடித்தாள். பிறகு காலிச் சொம்பை வாசற்படியில் கவிழ்த்து வைத்தாள்.