இரண்டாம் பேஸ்

குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டுத் திமோத்தேயோ எழுந்தான். தொட்டியை நிரப்பினான். காப்பியை அடுப்பில் ஏற்றிவிட்டு முகம் மழித்தான். பிறகு அட்டைப் பெட்டிகளைத் திறந்து, பேஸ்பால் கையுறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, வாசலில் இருந்த கம்பி வேலியில் வெயில் படும்படி மாட்டினான். மனைவி நோரிஸ் படுத்த படுக்கையானதிலிருந்து தினமும் அவன் செய்கிற வேலைதான் அது. கொஞ்சம் அசந்தால் போதும், கடல் காற்றுக்குத் தோல் பூஞ்சை பிடித்துவிடும்.

இன்று கூடத்தின் நடுவில் நோரிஸின் சவப்பெட்டி இருந்தது. சுவரை ஒட்டி ஒருக்களித்துத்தான் போய்வர முடிந்தது. வாடகைக்கு எடுத்த நாற்காலிகள் போதாமல், இரவெல்லாம் ஜெபம் சொல்ல வந்தவர்களில் பாதிப் பேர் கையுறைப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து இஞ்சி டீ குடித்தார்கள். திமோத்தேயோ அவர்களுக்கு நடுவில் சாய்ந்தபடியே தூங்கிப்போனான். முனகல் இல்லை, மாத்திரை நேரம் இல்லை. பல மாதங்களுக்குப் பிறகு முழுத் தூக்கம். உடம்பு லேசாக இருந்தது. அது முகத்தில் தெரிந்துவிடுமோ என்பதுதான் பயமாக இருந்தது.

"ஏன் மாப்ளே, பொண்டாட்டியை எடுக்குற அன்னிக்கு எவனாச்சும் வாசல்ல கடை விரிப்பானா?" என்றாள் மாமியார் காசில்தா.

"பூஞ்சை புடிச்சிடும் அத்தை."

"புடிச்சா புடிக்கட்டும்."

சொல்லிவிட்டு அவளே ஒரு கையுறையைக் கழற்றி, உள்ளங்கைப் பக்கம் வெயில் படும்படி திருப்பி மாட்டினாள்.

இந்தக் கரும்பாலைக் குடியிருப்பில் எல்லாப் பிள்ளைகளையும் போல நோரிஸும் சின்ன வயதில் காலிப் பால் அட்டைப்பெட்டியை மடித்துக் கையில் மாட்டிக்கொண்டுதான் பந்து பிடித்தாள். அதில் ஒரு விரல் ஒடிந்து, வளைந்தே கூடிவிட்டது. கல்யாணத்தன்று மோதிரம் அதில் ஏறவில்லை. அடுத்த மாதமே நியூயார்க்கில் இருக்கும் ஊர்க்காரர்களிடம் பழைய கையுறை, மட்டை, பந்து என்று கேட்டு எழுத ஆரம்பித்துவிட்டாள். முதல் முறை 'இடது கைக்கு' என்று கேட்டிருந்தாள். இடது கையில் மாட்டுவதைச் சொன்னாள். வந்ததெல்லாம் இடது கையால் எறிகிறவர்களுக்கானது, வலது கையில் மாட்டுவது. திருப்பி அனுப்ப வழியில்லை. பிள்ளைகள் இடது கையால் எறியப் பழகிக்கொண்டார்கள். பக்கத்து நகரம் சான் பெத்ரோவிலிருந்து ஆட வருகிறவர்கள் இந்த ஊர்த் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று இன்னமும் நம்புகிறார்கள்.

காப்பி இறக்கும்போது பயிற்சியாளர் புளூட்டார்கோ வந்தார். பெரிய உடம்பு. கோயிலுக்குப் போடும் சட்டை வயிற்றில் பிதுங்கியது. சவப்பெட்டியின் முன் சிலுவை போட்டுக்கொண்டு, காசில்தாவிடம் போய் நின்றார்.

"அக்கா, கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி நோரிஸை மைதானத்துக்கு ஒரு நடை தூக்கிட்டுப் போயிடுவோம். பேஸ் சுத்தி ஒரே ஒரு ரவுண்டு. பசங்களோட அம்மாக்காரிங்க எல்லாம் வெளிய நிக்கிறாங்க."

ஊரில் ஆட்டக்காரன் யாராவது செத்தால் அப்படித்தான் செய்வார்கள். ரம், பாட்டு, கைதட்டல் எல்லாம் இருக்கும். பெண் யாரையும் தூக்கிப் போனதில்லை.

"எம் பொண்ணு என்ன குடிகாரியா, தெருத் தெருவா தூக்கிட்டு ஆடறதுக்கு?" என்றாள் காசில்தா. "கோயிலு, அப்புறம் கல்லறை. அவ்வளவுதான்."

"ரம் கெடையாதுக்கா. சத்தியமா."

"உன் வாய் இப்பவே மணக்குது புளூட்டார்கோ."

"அது இருமல் மருந்துக்கா."

காசில்தா திமோத்தேயோவின் பக்கம் திரும்பினாள். "மாப்ளே, கடைசியா பக்கத்துல இருந்தது நீ ஒருத்தன்தான். அவ வாயால மைதானத்துக்குப் போகணும்னு கேட்டிருந்தா சொல்லு, விட்டுடறேன். இல்லேன்னா பொட்டி நேரா கோயிலுக்குத்தான்."

வேலிக்கு வெளியே பிள்ளைகள் கையுறை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். அவன் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவன். பொய் சொல்ல வராது என்று நோரிஸ் கேலி செய்வாள்.

"கேட்டா அத்தை."

"என்னன்னு கேட்டா?"

"என்னை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போன்னு."

காசில்தா அவன் கண்ணையே பார்த்தாள். அவன் காப்பிக் கோப்பையைப் பார்த்தான்.

"சரி, தூக்குங்க," என்றாள். "ஆடாம தூக்கணும். நான் பின்னாலேயே வருவேன்."

முன்னால் இடப்பக்கம் திமோத்தேயோ தோள் கொடுத்தான். பெட்டி கனக்கவே இல்லை. கடைசியில் அவளிடம் எடை என்று சொல்ல அதிகம் மிச்சமில்லை.

மைதானத்தில் இரவு மழை பெய்திருந்தது. ஓட்டம் தொடங்கி முடிகிற மூலையான ஹோமில் நின்று, பெட்டியை மூன்று முறை தூக்கி இறக்கிவிட்டு நடந்தார்கள். முதல் பேஸில் எல்லாரும் நின்று மிதித்தார்கள். அம்மாக்காரிகள் கைதட்டினார்கள். இரண்டாம் பேஸ் என்பது மண் நிரப்பிய அரிசிச் சாக்கு. அதைச் சுற்றிக் குட்டையாகத் தேங்கியிருந்தது. தூக்கியவர்கள் எல்லாருக்கும் கோயில் செருப்பு, பாலிஷ் போட்டது. யாரும் ஒன்றும் சொல்லாமலேயே குட்டையை ஒட்டி வளைந்தார்கள். மூன்றாம் பேஸை மிதித்து ஹோமை நோக்கித் திரும்பினார்கள்.

"நில்லுங்கடா!"

காசில்தாவின் குரல். மனம் மாறிவிட்டாள், நேராகக் கோயிலுக்கு என்று சொல்லப்போகிறாள் என்றே திமோத்தேயோ நினைத்தான்.

"ரெண்டாவதை எவன் மிதிச்சான்?" என்றாள் அவள்.

தூக்கியவர்கள் குனிந்து தங்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

"எம் பொண்ணு போற ரன்னை செல்லாம ஆக்கவா தூக்கிட்டு வந்தீங்க? திரும்பிப் போங்க!"

நான்கு மூலையும் மிதித்தால்தான் ஓட்டம் கணக்கில் சேரும் என்பது அங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். புளூட்டார்கோ முணுமுணுத்தார். "அக்கா, செருப்பு..."

"செருப்பா? அவ விரலை ஒடிச்சிக்கிட்டு ஆடுனவ. ஏய், குறுக்கால போகாத! மூணாவதைத் தொட்டுட்டுத்தான் ரெண்டாவதுக்குப் போகணும். நீயெல்லாம் ஒரு கோச்சு!"

பெட்டி திரும்பியது. மூன்றாம் பேஸை மறுபடி தொட்டார்கள். குட்டைக்குள் இறங்கினார்கள். சேறு கணுக்கால் வரை ஏறியது. புளூட்டார்கோவின் ஒரு செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. அவர் ஒற்றைச் செருப்போடு சாக்கின் மேல் ஏறி நின்று, "மிதிச்சாச்சுக்கா! பாத்துக்குங்க!" என்று கத்தினார். முதலில் ஒரு பிள்ளை சிரித்தது. அப்புறம் அம்மாக்காரிகள். திமோத்தேயோவின் தோள் குலுங்கியது. அவன் அழுகிறான் என்று நினைத்துப் பின்னால் இருந்தவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். நிறுத்த முடியவில்லை. நிறுத்தத் தோன்றவும் இல்லை.

மூன்றாவதையும் மறுபடி மிதித்து, ஹோமில் பெட்டியை இறக்கினார்கள். காசில்தா குனிந்து பார்த்துவிட்டு, ஆட்ட நடுவரைப் போல இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தாள். "சேஃப்."

கோயிலுக்குப் போகும் வழியில் வேறொருவர் தோள் மாற்றிக்கொண்டார். திமோத்தேயோ சேற்றுக்காலோடு மாமியாருடன் நடந்தான்.

"மாப்ளே. அவ அப்படிக் கேக்கவே இல்ல, இல்ல?"

"இல்ல அத்தை."

"எனக்குத் தெரியாதா? ஊருக்கெல்லாம் கேப்பா. தனக்குன்னு எவன்கிட்டயும் ஒண்ணும் கேக்க மாட்டா." அவன் சேற்றுக்காலைப் பார்த்தாள். "அப்ப என்னதான் சொன்னா?"

அவன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. நேற்று மத்தியானம் மின்சாரம் போய் விசிறி நின்றுவிட்டது. அவளை ஒட்டிப் படுத்து, மேலே கை போட்டிருந்தான். அவள் சொன்னாள். அவன் கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்தான். நகர்ந்த இடத்திலேயே கண்ணயர்ந்தான். எழுந்தபோது விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் இல்லை.

மெதுவாகச் சொன்னான்.

அதே நேரம் கோயில் மணி அடித்தது. காசில்தா காதருகே கையை வைத்துக்கொண்டாள்.

"என்ன? கேக்கல. அவ சொன்ன மாதிரியே சொல்லு."

"தள்ளிப் படு திமோ, புழுங்குது."